எழுந்து நின்றால் குற்றமா? – கால்பந்து ரசிகர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துக் கால்பந்து அரங்குகளின் கட்டுப்பாடுகளையும் டிக்கெட் விலையையும் பற்றியவை. ஆகவே கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் ஊர்ப் பெயராலேயே குறித்திருக்கிறோம்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): பன்னிரண்டு வயது மகனை முதன்முறையாக ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றதால் ஒன்றும் தெரியாமல் அவனும் எழுந்து நின்றான். மஞ்சள் அங்கி அணிந்த ஸ்டூவர்டு (அரங்க ஒழுங்கைக் கவனிக்கும் பணியாளர்) ஒருவர் வந்து, இன்னொரு முறை நின்றால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆட்டம் பார்க்க வந்தவன் எழுந்து நிற்பது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: குற்றம் அல்ல, விதிமீறல். அந்த வேறுபாடு உங்கள் மகனுக்கு ஆறுதல் தராது என்றாலும், மற்றவர்களின் கேள்விகளுக்கும் அது வேண்டியிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடுகளத்துக்குள் இறங்குவதும், பொருள்களை எறிவதும், இனவெறிக் கோஷம் எழுப்புவதும் 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. இருக்கையில் உட்காராமல் நின்றதற்காக ஒரு ரசிகர்மீது யாரும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் டிக்கெட் வாங்கும்போதே அரங்க விதிகளுக்குக் கட்டுப்படுவதாக நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆட்டம் நடக்கையில் தொடர்ந்து நிற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மீறினால் வெளியேற்றலாம், சீசன் டிக்கெட்டைப் பறிக்கவும் செய்யலாம். உங்கள் மகனிடம் மட்டும் சொன்னதற்குக் காரணம், முன்வரிசையில் நின்ற ஆறடி ஆட்களிடம் சொல்ல அந்த ஸ்டூவர்டுக்குத் துணிவு வராததுதான் என்று ஊகிக்கிறேன்.

இந்த விதியின் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மோதின. நின்று பார்க்கும் பகுதி அங்கே கம்பிவேலிகளால் கூண்டு கூண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வெளியே நெரிசல் பெருகியதும் காவல்துறை ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட, உள்ளே நுழைந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்குள் சுரங்கப்பாதை வழியாகப் பாய்ந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு எதிரே வேலி, முதுகில் கூட்டம். 97 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் கடைசியானவர் அன்று பட்ட காயங்களின் விளைவாக 32 ஆண்டுகள் கழித்து, 2021இல் இறந்தார். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்ற பழியைக் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேல் சுமந்தன. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் 2016 ஏப்ரலில்தான் மரண விசாரணையின் ஜூரி தீர்ப்பளித்தது.

விபத்தை ஆராய்ந்த நீதிபதி டெய்லர், கூட்டத்தைக் காவல்துறை கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என்று எழுதினார். ஆயினும் 1990 ஜனவரியில் வெளிவந்த இறுதி அறிக்கையில், பெரிய அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1994க்குள் மேல்நிலை இரண்டு பிரிவுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. நிற்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. இருக்கையின் முன்னே நின்றபடி, முழங்காலளவே உயரமுள்ள முன்வரிசை முதுகைத் தடுப்பாக வைத்துக்கொண்டு பார்த்தார்கள்; கோல் விழுந்தால் இரண்டு வரிசை தாண்டி முன்னால் விழுந்தார்கள். உட்கார வைக்கும் விதி, நிற்பதை முன்னைவிட ஆபத்தாக்கியது என்று ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் வாதாடின. கடைசியில் 2022 ஜனவரி 2 அன்று, செல்சியும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு கம்பி பொருத்திய பகுதியில் நின்று பார்க்கச் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. அடுத்த சீசனிலிருந்து மற்ற கிளப்புகளும் உரிமம் பெற்று அத்தகைய பகுதிகளை அமைத்து வருகின்றன. சிறுவனோடு செல்லும் நீங்கள் கிளப்பின் குடும்பப் பகுதியில் டிக்கெட் கேளுங்கள். எல்லோரும் உட்காரும் இடம் அதுதான்.

கேள்வி (மதுரை): எல்லோருக்கும் இருக்கை போட்டதால் செலவு கூடியது, அதனால்தான் டிக்கெட் விலையும் ஏறியது என்று சொல்லப்படுவதைப் படித்தேன். அது சரிதானா?

பதில்: சிறிதளவு சரி. நின்றவர்களை உட்கார வைத்தால் இடம் குறையும், கட்டுமானச் செலவும் உண்டு. ஆனால் இந்தச் சாக்கு வரும் என்று அறிந்தவர்போல் டெய்லரே தம் அறிக்கையில் இதைத் தொட்டிருக்கிறார். இருக்கை போடுவதைக் காட்டி எளிய மனிதர்களால் கொடுக்க முடியாத விலையை வைக்க வேண்டியதில்லை என்று சொல்லி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கை உதாரணம் காட்டினார். அங்கே அப்போது உட்கார்ந்து பார்க்க 6 பவுண்டு, நின்று பார்க்க 4 பவுண்டு. அந்த 6 பவுண்டை முப்பத்தைந்து ஆண்டு விலைவாசி உயர்வோடு பெருக்கிப் பார்த்தாலும் இன்று 20 பவுண்டைத் தொடாது. பிரீமியர் லீக்கில் அந்த விலையில் பெரியவர்களுக்கு ஓர் இருக்கை கிடைப்பது அபூர்வம். லண்டனின் ஃபுல்ஹாம் கிளப், ஆற்றங்கரையோரம் புதிதாகக் கட்டிய பகுதியில் சில இருக்கைகளுக்கான சீசன் டிக்கெட்டை 3,000 பவுண்டுக்கு விற்றது.

அறிக்கையின் ஒரு பாதியைக் கிளப்புகள் சட்டத்துக்கு அஞ்சி நிறைவேற்றின. மறுபாதியைச் சட்டம் கட்டாயப்படுத்தாததால் மறந்துவிட்டன என்பதே என் எண்ணம். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் தொலைக்காட்சிப் பணம் பெருகியது. 2025 முதல் நான்கு சீசன்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டிருக்கிறது. பெரிய கிளப்புகளின் வருமானத்தில் வாசலில் வசூலாகும் பணம் சிறிய பங்குதான். டிக்கெட்டுக்கு ஐந்து பவுண்டு கூட்டினால் ஓரிரு ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு மேல் காணாது. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு போகும் தந்தைக்கு அந்த ஐந்து பவுண்டு பெரிய வேறுபாடு.

பின் ஏன் ஏற்றுகிறார்கள்? ஏற்ற முடிகிறது என்பதால்தான். மளிகைக் கடைக்காரர் துவரம் பருப்பின் விலையை ஏற்றினால் நாம் அடுத்த தெருக் கடைக்குப் போகிறோம். தாத்தா காலத்திலிருந்து நியூகாசிலுக்குக் கைதட்டும் குடும்பம், விலை ஏறிவிட்டது என்று பக்கத்து ஊர் சண்டர்லாந்துக்குப் போகுமா? போகாது என்பது கிளப்புக்குத் தெரியும். விட்டுப் போகும் ஒருவரின் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பலர் இருப்பார்கள் என்பதும் தெரியும். அதிலும் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, நினைவுப்பொருள் கடையிலும் செலவழித்துப் போகும் சுற்றுலாப் பயணி, ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் உள்ளூர்க்காரரைவிட லாபமானவர்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): கைப்பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்கிறார்கள். தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோனால் மூடியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் என்ன செய்வது? மூடியில் என்ன ஆபத்து இருக்கிறது?

பதில்: மூடியில் ஆபத்து இல்லை, மூடிய பாட்டிலில் இருக்கிறது. நீர் நிறைந்து இறுக மூடிய பாட்டிலை மேல்தட்டிலிருந்து வீசினால் கல்லைப்போல் வந்து விழும்; மூடி இல்லாவிட்டால் வழியெல்லாம் கொட்டிக் காலியாகிப் போகும். பைகளைப் பொறுத்தவரை, 2015 நவம்பரில் பாரிஸின் ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கின் வெளியே குண்டுகள் வெடித்ததும், 2017 மே மாதம் மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியேறும்போது 22 பேர் கொல்லப்பட்டதும் சோதனைகளை இறுக்கிவிட்டன. ஐம்பதாயிரம் பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட வேண்டியவர்களுக்குச் சிறிய பைகள் சீக்கிரம் பார்த்து முடியும். கைக்குழந்தைக்கான பொருள்களுக்குப் பெரும்பாலான கிளப்புகள் விலக்களிக்கின்றன. ஆனால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது. வாசலில் நிற்பவருக்கு வாய்மொழி விளக்கம் செல்லாது.

அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஓர் அரங்குக்கு (பெயர் வேண்டாம்) ஜோல்னாப் பையோடு போனேன். வாசலில் ஒரு முதியவர் ஏ4 அளவில் வெட்டிய பிளாஸ்டிக் தகட்டைப் பைமீது வைத்துப் பார்த்தார். அகலம் தேறியது, நீளத்தில் இரண்டு விரற்கடை மிஞ்சியது. மடித்துக் காட்டினேன். மடித்தால் சரி என்றார். மடித்த பையில் எதையும் வைக்க முடியாதே. உள்ளே இருந்த புத்தகம், டிபன் டப்பா, குடை மூன்றும் கைக்கு வந்தன. புத்தகத்தை விட்டார். டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார். குடைக்குக் கூர்முனை இருப்பதால் அதற்கும் இல்லை. பொருள்களை வைக்கும் கொட்டகை தெருமுனைக்கு அப்பால் இருந்தது; வைப்பதற்குப் பத்துப் பவுண்டு. சோற்றை நடைபாதையில் நின்றபடி தின்று முடித்து, குடையை ஒப்படைத்து, இருக்கையைத் தேடி உட்கார்ந்தபோது ஒரு கோல் விழுந்துவிட்டிருந்தது. பிறகு மழையும் வந்தது.

பையைச் சோதித்ததில் எனக்குக் குறை இல்லை; அந்த முதியவர் தம் வேலையைத்தான் செய்தார். ஆனால் எலுமிச்சைச் சோறு யாருடைய பாதுகாப்புக்கு இடையூறு? உள்ளே உணவு விற்பவரின் லாபத்துக்குத்தான் அது இடையூறு. பாதுகாப்புக்கான விதியும் வசூலுக்கான விதியும் ஒரே பலகையில், ஒரே எழுத்தளவில் எழுதப்பட்டிருக்கின்றன. ரசிகர்களின் எரிச்சலில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. எந்த விதியானாலும் அது யாரைக் காக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

கேள்வி (மெல்பர்ன்): இங்கிலாந்தில் கிரிக்கெட் பார்க்கையில் பீர்க்குவளையோடு உட்காரலாம், கால்பந்தில் கூடாதாமே?

பதில்: ஆம். 1985ஆம் ஆண்டின் சட்டம் கால்பந்துக்கு மட்டும் பொருந்தும். ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள கூடத்தில் வாங்கி அங்கேயே குடிக்கலாம். இதனால் இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் முண்டியடித்து அவசரமாகக் குடிக்கிறார்கள். ரக்பி ரசிகர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ரசிகர் கலவரங்கள் மிகுந்திருந்த எண்பதுகளில் பிறந்த சட்டம் இது. மறுபரிசீலனைக்குரிய வயதை அடைந்துவிட்டது.

கேள்வி (கோயம்புத்தூர்): டிசம்பரில் லண்டன் செல்கிறேன். நம்மூரில் முதல்நாள் சினிமாவுக்கு வாங்குவதுபோல் அரங்க வாசலில் பிளாக்கில் டிக்கெட் கிடைக்குமா?

பதில்: தயவுசெய்து அந்த வழியே போக வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சினிமா டிக்கெட்டையோ கச்சேரி டிக்கெட்டையோ மறுவிற்பனை செய்வது வேறு, கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது வேறு. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 166ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாதவர் கால்பந்து டிக்கெட்டை விற்பது குற்றம். வாங்கிய விலைக்கே விற்றாலும் குற்றந்தான். எதிரெதிர் அணி ரசிகர்கள் கலந்து உட்கார்ந்து அடிதடி ஆகக் கூடாது என்பதே அதன் நோக்கம். மேலும் இப்போது பெரும்பாலான டிக்கெட்டுகள் கைபேசியில் இருப்பவை. வாசலில் ஒருவர் உங்களிடம் காட்டும் படத்தைச் சுழல்வாயில் ஏற்காவிட்டால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க அந்த ஆள் அங்கே நிற்கமாட்டார்.

நேர்வழி இதுதான்: விருப்பமான கிளப்பில் கட்டணம் செலுத்தி உறுப்பினராகுங்கள், குலுக்கலிலோ, வர இயலாத சீசன் டிக்கெட்காரர்களின் இருக்கைகளைக் கிளப்பே மறுவிற்பனை செய்யும் தளத்திலோ முயலுங்கள். கோப்பைப் போட்டியின் தொடக்கச் சுற்று என்றால் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும்.

இந்த விதியைப் பற்றியும் ரசிகர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. முப்பது ஆண்டுகளாகச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், மகள் திருமணத்தன்று தம் இருக்கையைச் சித்தப்பா மகனுக்குக் கொடுக்க நினைத்தால், பல கிளப்புகளில் அந்தச் சித்தப்பா மகனும் உறுப்பினராகியிருக்க வேண்டும். இணையத்தில் முறைப்படி மாற்ற வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் ஆட்டங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு இருக்கையே பறிபோகலாம். அதே கிளப், விருந்தோடு சேர்த்த தொகுப்பாக அதே ஆட்டத்தைப் பல மடங்கு விலைக்கு முன்பின் தெரியாத பயணிக்கு விற்கும். அப்போது மட்டும் யார் எந்த அணியின் ரசிகர் என்ற கேள்வி எழுவதில்லை.

கேள்வி (கொழும்பு): கொடி பிடிப்பதாலும் கோஷம் போடுவதாலும் விலை குறைந்ததாக எங்காவது வரலாறு உண்டா? எல்லாம் முடிந்து மறுவாரம் அதே ஆட்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

பதில்: உங்கள் கிண்டலில் உண்மை இருக்கிறது, இருந்தாலும் வரலாறும் உண்டு. 2013 ஜனவரியில் ஆர்சனல் அரங்கில் ஆடவிருந்த மான்செஸ்டர் சிட்டியின் ரசிகர்களுக்கு டிக்கெட் விலை 62 பவுண்டு என்று வைத்தார்கள். சிட்டி கிளப் தனக்கு ஒதுக்கப்பட்டதில் 912 டிக்கெட்டுகளை விற்க முடியாமல் திருப்பி அனுப்பியது. ஆட்டம் முடிந்ததும் வென்ற சிட்டி வீரர்களிடம் லைன்ஸ்மேன், அந்தப் பக்கம் இருப்பவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. அதற்காக அவரை அடுத்த ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். ரசிகர்களுக்கோ அவர் அன்றைய நாயகனாகிவிட்டார். வெளியூர் ரசிகர்களுக்கு இருபது பவுண்டு போதும் என்ற இயக்கம் அந்த ஆண்டுதான் வலுப்பெற்றது.

அடுத்தது 2016 பிப்ரவரி 6. லிவர்பூல் கிளப் தன் புதிய பகுதியில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு விலை அறிவித்தது. சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2–0 என முன்னணியில் இருந்தது. அவர்கள் போனபின் சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்து ஆட்டம் 2–2 என முடிந்தது. வெளியேறியவர்கள் அதைப் பார்க்காமல் தப்பித்தார்கள் என்று என் நண்பர் ஒருவர் இன்றும் சொல்வார். நான்கு நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டு விலையைக் கைவிட்டார்கள். மறுமாதமே பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் கூடி, வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டாது என முடிவெடுத்தன. 2016–17 சீசனில் தொடங்கிய அந்த உச்சவரம்பு, மற்ற எல்லா விலையும் ஏறியபோதும் ஏறவில்லை. வெளியூர் ரசிகர்களைத்தான் கிளப்புகள் முதலில் விட்டுக்கொடுத்தன என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: தொலைக்காட்சியில் கேட்கும் ஆரவாரத்தில் பெரும்பகுதி அவர்களுடையது, அவர்கள் இல்லாத அரங்கம் படத்தில் செத்துப்போய்த் தெரியும்.

அண்மைக் காலத்தில் போராட்டங்கள் மீண்டும் சூடுபிடித்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் லிவர்பூலின் இரண்டு சதவீத விலை உயர்வை எதிர்த்து, இத்தாலியின் அட்டலாண்டாவுடனான யூரோப்பா லீக் ஆட்டத்தில், அதன் ஆன்ஃபீல்டு அரங்கில் தீவிர ரசிகர்கள் கூடும் காப் பகுதியில் வழக்கமாகப் பறக்கும் கொடிகளை ரசிகர்கள் கட்டவே இல்லை. லிவர்பூல் 3–0 எனத் தோற்றது. கொடிகள் இல்லாததால்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. 2025–26 சீசனுக்கு அந்தக் கிளப் விலையை உயர்த்தவில்லை. அதே 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு எஞ்சியிருந்த டிக்கெட்டுகளை ஒரே விலையாக 66 பவுண்டு ஆக்கியது. அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்டிலும் சிறுவர்களுக்கு 25 பவுண்டிலும் தொடங்கிய விலை அது. சிறுவர், முதியோர் சலுகை ஒரே அறிவிப்பில் போயிற்று. ஃபுல்ஹாமில் ஆட்டம் பார்ப்பதைவிட யுனைடெட்டில் பார்ப்பது மலிவாக இருப்பது பொருத்தமில்லை என்று சிறுபங்கு உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃப் ரசிகர் இதழ் ஒன்றில் விளக்கம் தந்தார். கிளப்புகள் ஒன்றையொன்று காட்டித்தான் விலையை ஏற்றுகின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் கிடைக்காது.

மறுவாரம் அதே வரிசையில் நிற்கிறார்கள் என்கிறீர்கள். நிற்கத்தான் செய்வார்கள். அவர்கள் கேட்பது போகாமல் இருக்கும் உரிமையை அல்ல, போகும் உரிமையை.

கேள்வி (ஹாம், ஜெர்மனி): காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து டார்ட்முண்ட் பக்கந்தான். அங்கே நின்று பார்க்கும் டிக்கெட் இருபது யூரோவை ஒட்டியே கிடைக்கிறது. ஜெர்மன் கிளப்புகள் மட்டும் தருமம் செய்கின்றனவா?

பதில்: தருமம் அல்ல, கணக்கில் கை வைக்க யாருக்கு உரிமை என்பதுதான் வேறுபாடு. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற '50+1' விதி இருக்கிறது. லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் போன்றவை விதிவிலக்கு. விலையை இரட்டிப்பாக்கும் தலைவர் அடுத்த பொதுக்குழுவில் அதே ரசிகர்களின் முகத்தில் விழிக்க வேண்டும். டார்ட்முண்டின் தெற்குப் பகுதியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் வாதப்படி அது பேராபத்தாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஜெர்மன் ரசிகர்களும் சும்மா இருந்து இதைப் பெறவில்லை. 2010இல் ஷால்க அரங்கில் நின்று பார்ப்பதற்கே 20 யூரோவுக்கு மேல் கேட்டபோது டார்ட்முண்ட் ரசிகர்கள் பலர் பரம வைரியுடனான அந்த ஆட்டத்தையே புறக்கணித்தார்கள். 2012 டிசம்பரில், சோதனைகளையும் கட்டுப்பாடுகளையும் கூட்டும் பாதுகாப்புத் திட்டத்தை எதிர்த்து, நாடெங்கும் ஆட்டங்களின் முதல் 12 நிமிடம் 12 நொடி மௌனம் காத்தார்கள்; திட்டம் வாக்கெடுப்புக்கு வந்த நாள் 12.12.12. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு, பந்தை உதைக்கும் சத்தமும் பயிற்சியாளரின் கத்தலும் மட்டுமே கேட்ட அந்தப் பன்னிரண்டு நிமிடம் மறக்காது. 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் விலை ஏற்றத்தை எதிர்த்து டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் கொட்டினார்கள்.

கேள்வி (டொராண்டோ): 2026 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை மகளுக்குக் காட்ட நினைத்து, விலையைப் பார்த்துக் கணினியை மூடிவிட்டேன். இது எப்படி இவ்வளவு ஏறியது?

பதில்: 2018இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்டியை நடத்த விண்ணப்பித்தபோது, மிகக் குறைந்த டிக்கெட் 21 டாலர் என்று அந்த ஆவணத்தில் இருந்தது. 2025இல் விற்பனை அறிவிக்கப்பட்டபோது அது 60 டாலரில் தொடங்கி 6,730 டாலர் வரை போனது. விமான டிக்கெட்டைப் போல் தேவைக்கேற்ப விலை ஏறும் முறையை ஃபிஃபா கொண்டுவந்தது. அதோடு நிற்காமல் தானே மறுவிற்பனைத் தளம் ஒன்றை நடத்தி, விற்பவரிடம் 15 சதவீதமும் வாங்குபவரிடம் 15 சதவீதமும் பிடித்தது. கோவை வாசகர் கேட்ட பிளாக் விற்பனையை ஃபிஃபாவே உரிமையோடு செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

2025 டிசம்பரில், ஒவ்வொரு நாட்டு ரசிகர்களுக்கும் ஒதுக்கிய பகுதியிலேயே இறுதிப் போட்டிக்கு மிகக் குறைந்த விலை 4,185 டாலர் என்று தெரியவந்தபோது ஐரோப்பிய ரசிகர் அமைப்பு கொதித்தெழுந்தது. சில நாள்களிலேயே, அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை எல்லா ஆட்டங்களுக்கும் 60 டாலருக்குத் தருவதாக ஃபிஃபா இறங்கிவந்தது. ஒதுக்கீடே அரங்கின் சிறு பகுதி. அதில் பத்தில் ஒன்று என்றால் ஓர் அணிக்குச் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேருக்கு வாழ்த்துகள்.

கேள்வி (மீண்டும் ஈஸ்ட் ஹாம் வாசகர்): புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாமே, அதனால் விலை குறையுமா? குறையாது என்றால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வேறு வழி என்ன?

பதில்: 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் வந்திருக்கிறது. டிக்கெட் விலையைப் பற்றி ரசிகர்களிடம் கருத்துக் கேட்க வேண்டியது இனி கிளப்புகளின் கடமை. கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டும் என்று இல்லை. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஆணையத்துக்குத் தரப்படவில்லை. ஆகவே விலை குறையும் என்று உங்களுக்கு நம்பிக்கை கூற எனக்கு மனமில்லை. அடுத்த முறை சலுகையை ஒரே அறிவிப்பில் நீக்குவது முன்னைப்போல் எளிதாக இராது, அவ்வளவே.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிரீன் ஸ்ட்ரீட்டை ஒட்டி இருந்த வெஸ்ட் ஹாமின் பழைய அரங்கில் 2016 மே மாதம் கடைசி ஆட்டம் நடந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. நடந்து போகும் தூரத்தில் கால்பந்து இல்லாமல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபாரஸ்ட் கேட்டில் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானம் இருக்கிறது, லண்டனின் மிகப் பழைய கால்பந்து மைதானங்களுள் ஒன்று. 2018இல் ரசிகர்களே தொடங்கி நடத்தும் கிளாப்டன் கம்யூனிட்டி கிளப் அங்கே ஆடுகிறது; 2020இல் அந்த நிலத்தையும் அவர்களே வாங்கிவிட்டார்கள். கீழ்நிலை லீக் என்பதால் 1985ஆம் ஆண்டின் மதுச் சட்டம் பொருந்தாது; எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதியும் இல்லை. உங்கள் மகன் கோட்டுக்கு மூன்றடி தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் நிற்கலாம், கோல்காப்பாளர் தம் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவதையும் கேட்கலாம். மழைக்கு ஒதுங்க இடம் குறைவு. குடை கொண்டு போங்கள்.